இறந்தோர்க்கு நாம் பட்ட கடன்

ராயபுரத்தில் நான் பணியாற்றும் பங்கைச் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவர், சில மாதங்களுக்கு முன் தாம் எழுதிய குறுநாவலின் கையெழுத்துப் படியைத் தந்து, படித்துக் கருத்துக் கூறுமாறு வேண்டினார். அவருடைய பாட்டியின் தாயே கதைத்தலைவி. மலாயா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய பெண். 1943இல் அவள் கணவனைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை. சில மாதங்களில் அவள் அதே லயத்தில் வாழ்ந்த வேறொருவனோடு சேர்ந்து வாழத் தொடங்கினாள் என்று ஓர் அத்தியாயம் கூறியது. அதனை நீக்கிவிடும்படி அறிவுரை சொன்னேன். மறைந்தவர்களின் நற்பெயரைக் காப்பது இருப்பவர்களின் கடமை என்பது நான் காட்டிய காரணம். அந்த அறிவுரை சரிதானா என்னும் கேள்வி என்னை இன்றளவும் விடவில்லை.

கதை நிகழும் நாடு தொலைவிலிருப்பினும், நம் துறைமுகத்துக்கு அது அந்நியமன்று. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட கப்பல்களே நம் மக்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சுமந்து சென்றன. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்ற பின்னும், கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தனர். 1938இல்தான் இந்திய அரசு அதைத் தடுத்தது. தோட்டங்களில் பெண்களும் விடியுமுன் பெரட்டுக்கு நின்றனர். ஆண்களைவிடக் குறைந்த கூலிக்குப் பால் வெட்டினர். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. வெள்ளைத் துரைமார் தோட்டங்களை விட்டு அகன்றனர். அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. துணியின்றிச் சாக்கை உடுத்த காலம் அது.

பின்னர் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் பாதை அது. 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளும் சேர்ந்தன. அங்கு உழைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் சாவோ இதனினும் பன்மடங்கு. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் வரிசை வரிசையாக உறங்குகிறார்கள். காட்டில் மாண்ட தமிழர்க்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. அவர்களுக்கே கல் இல்லையெனில், லயத்தில் பிள்ளைகளோடு எஞ்சிய மனைவியர்க்கு ஏட்டில் இடம் ஏது?

ஏடு மௌனம் சாதிக்கும் இடத்தில்தான் புனைகதை வாய் திறக்கிறது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார்; அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். ரயில் பாதையின் கதையில் பாதைக்குச் சென்றவர்கள் முன்னிற்பது இயல்பே. 1943இல் டாக்டர் லட்சுமியின் தலைமையில் எழுந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டப் பெண்கள் பலர் சேர்ந்தனர். வீரம் என்பதால் அதுவும் நினைவில் நின்றது. கிழங்கு தேடிப் பிள்ளைகளைக் காப்பாற்றியது வீரக்கணக்கில் சேரவில்லை.

ஆனால் புனைகதைக்கும் சோதனை உண்டு. நெவில் ஷூட் என்னும் ஆங்கில எழுத்தாளர், சுமத்திராவில் ஜப்பானியரிடம் சிக்கிய டச்சுப் பெண்களின் வரலாற்றைக் கேட்டு 1950இல் ஒரு நாவல் வெளியிட்டார். களத்தை மலாயாவாகவும், பெண்களை ஆங்கிலேயராகவும் மாற்றினார்; களத்தை மாற்றியதை நூலிலேயே ஒப்புக்கொண்டார். அப்பெண்கள் நெடுந்தொலைவு நடத்திச் செல்லப்பட்டதாக அவர் விளங்கிக்கொண்டிருந்தார். உண்மையில் அவர்கள் வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டவர்கள். நல்லெண்ணத்தோடு கேட்பவரும் தவறாகக் கேட்கக்கூடும். என் தவறு அத்தகையதுமன்று. எனக்குச் சரியாகவே சொல்லப்பட்டது. நானே மறைக்கச் சொன்னேன்.

ஆசிரியை என் சொல்லைக் கேட்டு, கதைத்தலைவி இறுதிவரை கணவனுக்காகக் காத்திருப்பதாக மாற்றி எழுதி, வீட்டில் தம் பாட்டிக்குப் படித்துக் காட்டினார். அம்மூதாட்டி 1937இல் அத்தோட்டத்தில் பிறந்து, போர் முடிந்தபின் ஒன்பது வயதில் சென்னையில் கப்பலிறங்கியவர். முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டு சென்றபோது என்னை உட்காரச் சொன்னார்.

“சாமி, எங்கம்மா காத்துக்கினு இருக்கல. காத்துக்கினு இருந்திருந்தா நாங்க மூணு பசங்களும் செத்திருப்போம். அந்த மனுசன்தான் கெழங்கு கொணாந்து போட்டாரு. அவர எடுத்துட்டா, எங்களுக்குச் சோறு போட்டது யாருன்னு எழுதுவீங்க?”

எனக்கு விடை தெரியவில்லை.

குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்த அறநெறி இருவகைக் குற்றங்களைப் பிரித்துக் காட்டும். இல்லாத குறையைச் சுமத்துவது அவதூறு. உள்ள குறையைத் தக்க காரணமின்றி வெளியிடுவது புறங்கூறல். இரண்டாவதைத் தவிர்க்கவே நான் எண்ணினேன். ஆயின் அவ்விதி ஒன்றை முன்கூட்டியே கொள்கிறது: மறைக்கப்படுவது குறை என்பதை. அத்தீர்ப்பை வழங்கியவன் நான். நீக்கச் சொன்ன அந்தக் கணத்திலேயே அப்பெண்ணைக் குற்றவாளியாக்கிவிட்டேன். என்னை உறுத்துவது இதுவே.

சட்டத்தின் பக்கமும் நியாயம் உண்டு, அதை மறுக்கவில்லை. கணவன் நெடுநாள் வராமலிருப்பது மட்டுமே அவன் இறந்ததற்குச் சான்றாகாது என்கிறது திருச்சபைச் சட்டம். அது கைவிடப்பட்டோரைக் காக்கும் விதி. ஆனால் கடிதமும் இல்லை, சாவுச் செய்தியும் இல்லை, கேட்டு அறிய அலுவலகமும் இல்லை என்ற நிலையில், மூன்று குழந்தைகளோடு நின்றவள் யாரிடம் சான்று கேட்பாள்? அவள் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல நான் முற்படவில்லை. அவள் அதைச் செய்தாள் என்பதை அழிக்கும் உரிமை எனக்கில்லை என்றே சொல்கிறேன். மத்தேயு நற்செய்தியின் தலைமுறை அட்டவணையில் தாமாரும் ராகாபும் ரூத்தும் உரியாவின் மனைவியும் இடம்பெறுகின்றனர். விட்டிருந்தால் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள், நற்செய்தியாளர் விடவில்லை.

ஆகவே எனக்குத் தோன்றுவது இது. பதிவு இல்லாத இடத்தில் எழுத்தாளர் கற்பனை செய்யலாம். அன்று பெய்த மழையை, அவள் பாடிய தாலாட்டை அவர் படைத்துக்கொள்ளலாம். ஆனால் அம்மனுஷி தன் வாழ்வின் நெருக்கடியில் எடுத்த முடிவைத் தம் மன அமைதிக்காக மாற்றுதல் ஆகாது. வாழும் உறவினரின் இசைவின்றி அதை அம்பலப்படுத்தலும் ஆகாது. இக்கட்டுரைக்கு அம்மூதாட்டி இசைந்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

அந்த அத்தியாயத்தை மீண்டும் சேர்க்குமாறு ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டேன். அவர் ஏற்கெனவே சேர்த்திருந்தார்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2 அன்று, கல்லறைத் திருநாள் திருப்பலிக்கு அம்மூதாட்டி இரண்டு ஆண்களின் பெயர்களை எழுதி அனுப்புவார். முதலாவது தந்தை, மற்றவர் யாரோ சிற்றப்பா என்று எண்ணிப் பல ஆண்டுகளாகப் படித்துவந்தேன். பீடத்தில் நின்று அவ்விரு பெயர்களையும் அடுத்தடுத்து உச்சரித்தவன் நானே. கதையில் சேர்த்து வைக்கத்தான் என் மனம் இடம்தரவில்லை.