பக்கத்தில் நிற்கும் எலும்பு

கோரைப்பல் ஒன்று மட்டும் பக்கத்துப் பற்களைவிட நீளமாகத் தெரிய ஆரம்பிக்கும். பல் வளர்ந்துவிட்டதோ என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் ஈறு விலகியிருக்கிறது. எனாமலின் வெண்மை முடிகிற கோட்டுக்கு அப்பால், இத்தனை காலம் மூடியிருந்த மஞ்சள் நிற வேர் வெளியே வந்திருக்கிறது. அதற்கு எனாமலின் கவசம் கிடையாது. ஐஸ் தண்ணீர் ஒரு மடக்கு குடித்தாலும், மாங்காய்த் துண்டு ஒன்றைக் கடித்தாலும் சுளீரென்று கூசும்.

கை கிழிந்தால் தோல் மூடிக்கொள்கிறது. எலும்பு முறிந்தால் கூடிக்கொள்கிறது. ஆனால் விலகிய ஈறு தானாகப் பழைய இடத்துக்கு வருவதில்லை. எல்லா ஈறு விலகலுக்கும் கத்தி தேவைப்படாது. பல் துலக்கும் விதத்தை மாற்றி, பற்காரையைச் சுத்தம் செய்து, மேலும் விலகாமல் கவனித்துவந்தாலே பலருக்குப் போதும். கூச்சம் தாங்காமல் போகிறபோதும், ஈறு மெலிந்து மேலும் மேலும் விலகிக்கொண்டே போகிறபோதும், வேர் சொத்தையாகும் அபாயம் வரும்போதும்தான் ஈறு ஒட்டு அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவர் பேசுவார். வாயின் ஒரு மூலையில், ஒரு சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில் நடக்கும் வேலை அது. இழப்பை ஈடுசெய்வது எதனால் முடிகிறது, எப்போது முடியாமல் போகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன்.

ஒட்டுக்கான திசு பெரும்பாலும் நோயாளியின் மேலண்ணத்திலிருந்தே வருகிறது. மரத்துப்போக ஊசி போட்டு, கடைவாய்ப் பக்கம் அண்ணத்தின் மேல்தோலைத் திறந்து, அதன் அடியில் இருக்கும் உறுதியான இணைப்புத் திசுவில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு தடிமனில் ஒரு துண்டை எடுக்கிறார்கள். திறந்த தோலை மூடித் தைத்துவிடுகிறார்கள். பிறகு வெளியே தெரியும் வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, துண்டை அதன்மேல் படியவைத்து, சுற்றியுள்ள ஈறைத் தளர்த்தி இழுத்துப் போர்த்தி, தலைமுடி அளவு மெல்லிய நூலால் தைக்கிறார்கள். 1985இல் பர்ட்டன் லாங்கரும் லாரீன் லாங்கரும் விவரித்த இந்த முறை, சில மாற்றங்களோடு இன்றும் உலகெங்கும் கைக்கொள்ளப்படுகிறது. அதற்கு முன்பு, 1960களில், மேல்தோலோடு சேர்த்தே துண்டை எடுத்தார்கள். அண்ணத்தில் திறந்த புண் மிஞ்சும். அந்தப் புண் ஆறும்வரை ஒட்டு வைத்த இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகம் வலிக்கும்.

இப்போது அந்தத் துண்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிறந்த இடத்தின் ரத்தக் குழாய்கள் அறுபட்டுவிட்டன. வந்து சேர்ந்த இடமோ பல்லின் வேர். வேரின் பரப்பில் ரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லை. அது பாறையைப் போன்ற வறண்ட நிலம். அப்படியானால் ஒட்டு எதைக் குடித்து உயிர்வாழ்கிறது?

1968இல் சல்லிவன், அட்கின்ஸ் என்ற இருவர் எழுதிய கட்டுரைகள் இந்தக் கேள்விக்கான விடையைப் பல் மருத்துவ உலகின் முன் விரித்து வைத்தன. முதல் இரண்டு மூன்று நாள் ஒட்டுக்குள் ரத்தமே ஓடுவதில்லை. சுற்றியிருக்கும் உயிருள்ள ஈறிலிருந்து கசியும் ஊநீரை உறிஞ்சித்தான் அது பிழைத்துக் கிடக்கிறது. அதன்பின் இரு பக்கத்திலிருந்தும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கிளைவிட்டு உள்ளே நுழைகின்றன. வேரின் நட்டநடுவே கிடக்கும் பகுதிக்குத்தான் ஆபத்து அதிகம். அதற்கு வேண்டிய எல்லாம் ஓரங்களைக் கடந்துதான் வந்தாக வேண்டும். மேல்தோலோடு ஒட்டு வைக்கும் பழைய முறையில் இந்தப் போராட்டத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் துண்டு வெளுத்துக் கிடக்கும். பிறகு அதன் மேற்பரப்பு வெள்ளைப் படலமாக உரிந்துவரும். அழுகிவிட்டதோ என்று நோயாளி பதறுவார். ஒரு வாரம் போனால் படலத்துக்கு அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்க்கும். ரத்தம் வந்துவிட்டது.

அதனால்தான் அத்தனை கட்டுப்பாடு. உதட்டைத் தூக்கிப் பார்க்கக்கூடாது. அந்தப் பக்கம் பிரஷ் படக்கூடாது. சூடும் காரமும் மொறுமொறுப்பும் ஆகாது. ஆறிய கஞ்சி, குழைந்த தயிர்சாதம் போன்றவைதான். புகைபிடிக்கவே கூடாது, புகை நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஒட்டு அசைந்தால், கிளைவிட்டு வந்த குழாய்கள் அறுந்துபோகும். வெறும் ஒரு மில்லிமீட்டர் அசைவுகூட அந்த நாட்களில் பெரிய அதிர்ச்சி.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மருத்துவரின் கைத்திறன் துண்டைக் கொண்டுவந்து சேர்க்கிறது. நோயாளியின் பொறுமை அதைக் காக்கிறது. ஆனால் ஒட்டை வாழவைப்பது அக்கம்பக்கம்தான். அக்கம்பக்கம் வலுவாக இல்லாவிட்டால் எந்தத் திறமைக்கும் பலன் இல்லை. இதையும் ஒருவர் வகுத்துச் சொன்னார். அமெரிக்க ஈறு நோய் மருத்துவர் மில்லர், 1985இல் ஈறு விலகலை நான்கு வகையாகப் பிரித்தார். முதல் இரண்டு வகைகளில் வேரை முழுவதும் மூட வாய்ப்புண்டு. மூன்றாவதில் ஓரளவுதான் மூடலாம். நான்காவதில் எதிர்பார்ப்பதற்கே இடமில்லை. முதல் இரண்டையும் அடுத்த இரண்டிலிருந்து பிரிப்பது எது? விலகல் எத்தனை மில்லிமீட்டர் என்பது அதைத் தீர்மானிப்பதில்லை. பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் இருக்கும் எலும்பும் ஈறும் நிற்கின்றனவா, கரைந்துவிட்டனவா என்பதுதான் முக்கியமான வேறுபாடு. 2011இல் இத்தாலியின் கெய்ரோவும் அவரது சக ஆய்வாளர்களும் மூன்றாகச் சுருக்கி வகுத்தபோதும், இடைப்பட்ட திசுவின் நிலையையே அளவுகோலாக வைத்தார்கள். பக்கத்து எலும்பு எந்த உயரம் வரை நிற்கிறதோ, ஒட்டும் அந்த உயரம் வரைதான் நிற்கும்.

இந்த வேறுபாடு வாயோடு முடிந்துவிடுவதில்லை. ஹரால்டு லோ என்ற நார்வே ஆய்வாளரும் அவரது குழுவும் செய்த ஓர் ஆய்வு அதை மனித வாழ்வு வரை கொண்டுபோகிறது. 1969இல் ஆஸ்லோ நகரத்து மாணவர்களும் கல்வியாளர்களுமாக 565 ஆண்களைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். பள்ளிப் பருவத்திலிருந்தே பல் பராமரிப்பு கிடைத்தவர்கள் அவர்கள். 1970இல் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் 480 ஆண்களைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். பல் நோயைத் தடுக்கவோ குணப்படுத்தவோ எந்த ஏற்பாடும் எட்டாத வாய்கள் அவை. ஈறு நோய்க்குச் சிகிச்சையே இல்லாவிட்டால் அது தன் போக்கில் எங்கே போய் நிற்கும் என்று அறிவதே நோக்கம்.

ஆஸ்லோக்காரர்களுக்கும் ஈறு விலகியது. இருபது வயதிலேயே அறுபது சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு விலகல் இருந்தது. ஐம்பதை நெருங்கும்போது தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் அது பெரும்பாலும் பல்லின் வெளிப்புறத்தில், கன்னத்தைப் பார்த்த பக்கத்தில் மட்டும். அழுத்தித் துலக்கும் பழக்கம் அதற்கு ஒரு காரணம். பற்களுக்கு இடையிலான எலும்பு நின்றது. தோட்டத் தொழிலாளர்களுக்கோ முப்பது வயதுக்குள் தொண்ணூறு சதவீதத்தினருக்கு விலகல். அதுவும் வெளிப்புறம், உட்புறம், பற்களின் இடைவெளி என்று எல்லாப் பக்கமும். ஐம்பதை நெருங்கியபோது விலகல் இல்லாதவர் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

ஆஸ்லோவில் நடந்ததை ஒட்டு வைத்துச் சரிசெய்யலாம். மலையகத்தில் நடந்ததை, உலகின் மிகச் சிறந்த மருத்துவர் வந்தாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. பலருக்குப் பக்கத்து எலும்பே போய்விட்டது. யாரிடம் பராமரிப்பு இருந்ததோ அவருக்கே பரிகாரமும் இருந்தது. யாருக்கு எதுவும் கிடைக்கவில்லையோ அவருக்குப் பரிகாரம் கிடைத்தாலும் பயன்படாத நிலை வந்துவிட்டது.

அந்த மலையகத் தோட்டங்களில் பரம்பரை பரம்பரையாக உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவர்களாக விடவில்லை. 1970இலும் லட்சக்கணக்கானோர் குடியுரிமை இல்லாமல்தான் இருந்தார்கள். சிகிச்சை இல்லாத ஈறு என்ன ஆகும் என்று இன்று உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்களே, அந்த அறிவு, லயன் எனப்படும் தோட்டத்து வரிசைக் குடியிருப்பு அறைகளில் வாழ்ந்தவர்களின் வாயிலிருந்து எடுக்கப்பட்டது. நம் காலத்தில் யாருடைய பல் காப்பாற்றப்பட்டாலும் அதில் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. அந்தக் கடனை நாம் மறந்துவிடக் கூடாது.

கடனைத் தீர்க்கும் வழியும் அதே அறிவிலேயே இருக்கிறது. பல் ஆடிய பிறகு மருத்துவரைத் தேடுவது நம் வழக்கம். பற்காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும் என்ற பயம் இன்னும் நம் வீடுகளில் உண்டு. எலும்பைக் கரைப்பது பற்காரையில் வாழும் கிருமியும் அதனால் வரும் வீக்கமும்தான், அதை அகற்றும் கருவி அல்ல. துலக்கும்போது ரத்தம் வருகிற ஈறு பெரும்பாலும் இன்னும் மீட்கக்கூடிய ஈறு. அந்தக் கட்டத்தில், எலும்பு நிற்கும்போதே, கிராமத்துப் பள்ளிக்கும் தோட்டத்து லயனுக்கும் ஒரு மருத்துவர் போய்ச் சேர்ந்தால், பின்னால் பலருக்கு ஒட்டுகூடத் தேவைப்படாது.

ஈறில் தெரியும் இந்த விதி எல்லா இழப்புக்கும் பொருந்தும் என்றே நம்புகிறேன். படிப்பை விட்ட பிள்ளைக்கு உதவித்தொகை, வேலை போனவனுக்குக் கடன், துணையை இழந்தவளுக்கு ஆறுதல் எல்லாமே வெளியிலிருந்து வரும் ஒட்டுகள். பக்கத்தில் ஒரு வீடு, ஒரு நட்பு, ஒரு ஊர் நின்றால் அவை பிடித்துக்கொள்ளும். நிற்காவிட்டால் எவ்வளவு கொடுத்தாலும் உதிர்ந்துவிடும். ஆகவே, ஒருவருக்கு உதவ நினைக்கிறவர்கள் அவர் இழந்ததை அளப்பதற்கு முன் அவரைச் சுற்றி இன்னும் எது நிற்கிறது என்று பார்க்கவேண்டும். அது சாய்வதற்குள் போகவேண்டும். பழுதுபார்க்கும் கலை எவ்வளவு வளர்ந்தாலும், காலத்தோடு வந்து பக்கத்தில் நின்றவர் செய்ததை அதனால் பின்னால் செய்துவிட முடியாது.