பழக்கமும் உடையும்

எங்கள் கிளையில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டதும் சிகரெட்டை விட்டுவிடுகிறார். தினம் ஒரு பாக்கெட் ஊதுகிறவர். கவுண்டரில் அரைமணி கூடுதலாக உட்கார நேர்ந்தால் நிலைகொள்ளாமல் தவிப்பவர். 41 நாள் விரதத்தில் அவருக்குப் பெரிய அவஸ்தை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பெட்டிக்கடை முன் நிற்கிறார்.

இதை வேஷம் என்று சிரித்துத் தள்ளுவது சுலபம். சிரிப்பவர்களால் நான்கு நாள் கூட விடமுடிவதில்லை என்பது வேறு விஷயம்.

மன உறுதி இல்லை என்று இவரைப் பற்றிச் சொல்லமுடியாது. அறியாமை என்றும் சொல்லமுடியாது. தீமை என்று அறிந்தே ஒருவன் தீமை செய்வதில்லை என்றார் சாக்ரடீஸ். அரிஸ்டாட்டில் தன் நிக்கோமாக்கிய அறவியலின் ஏழாம் பகுதியில் இதைத் திருத்தப் பார்க்கிறார்: அவனுக்குத் தெரியும், ஆனால் குடிகாரன் எம்பெடோக்ளிஸின் செய்யுளை ஒப்பிப்பதுபோலத்தான் தெரியும். 2016 ஏப்ரலிலிருந்து சிகரெட் பெட்டியின் இரு முகங்களிலும் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம்தான். படத்தின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு ஒன்றை உருவுகிறோம்.

மாலை போட்டவரிடம் எது மாறுகிறது? கறுப்பு வேட்டி, வெறுங்கால், விடியற்காலைக் குளியல், தரையில் படுக்கை. எல்லாவற்றுக்கும் மேல் பெயர். மனைவியிலிருந்து மானேஜர் வரை எல்லோரும் ‘சாமி’ என்கிறார்கள். சாமி எதையும் அடக்கிக்கொள்வதில்லை, புகைத்தவர் வேறொருவர். ஆங்கிலத்தில் பழக்கத்தைக் குறிக்கும் ‘ஹாபிட்’ என்ற சொல்லுக்கே உடை, குறிப்பாகத் துறவியின் உடை, என்றும் பொருள் உண்டு. நம் பழக்கங்கள் நமக்குள் எங்கோ ஆழத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். பாதிக்கு மேல் வெளியே, மற்றவர்கள் நம்மைக் காணும் விதத்தில் இருக்கின்றன.

இதே மதுரையில், மேலமாசி வீதி வீடு ஒன்றில் தங்கியிருந்தபோது, 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி குல்லாயையும் சட்டையையும் விட்டு இடுப்புத் துணிக்கு மாறினார். அவரும் கெடு வைத்தார், குறைந்தது அக்டோபர் 31 வரை என்று. 1948ல் இறக்கும் வரை பழைய உடைக்குத் திரும்பவில்லை. ஒரு தேசத்தின் வறுமையையும் குமாஸ்தாவின் சிகரெட்டையும் ஒரே தட்டில் வைப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் ஒருவர் ஏன் திரும்பினார், இன்னொருவர் ஏன் திரும்பவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. நம்பிக்கை இருவருக்கும் இருந்தது. சாமியின் வேட்டி அவரை ஊரின் அன்றாடத்திலிருந்து 41 நாள் தள்ளி வைக்கிறது. பழைய ஆள் டிரங்குப் பெட்டியில் சட்டையோடு பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறார். காந்தி உடுத்தியதோ இந்தச் சமவெளியில் ஏர் பிடித்தவனின் அன்றாட உடை. கழற்றிவிட்டுப் போக வேறு அன்றாடம் இல்லை.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை; ஆகவே மாலையும் இல்லை. ஒருமுறை ஆறு மாதம் மேலூரில் வேலை பார்க்க நேர்ந்தது. அங்கே எந்தக் கடைக்காரருக்கும் என்னைத் தெரியாது. சிகரெட் தானாகக் குறைந்து, நின்றே போயிற்று. மதுரைக்குத் திரும்பிய முதல் நாள் வாழைப்பழம் வாங்கத்தான் பழைய கடைக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்குள் கடைக்காரர் என் பிராண்டை எடுத்து நீட்டினார்.

‘ரொம்ப நாளா ஆளையே காணோமே சார்’ என்றார்.