சொல்லிக்கொண்டு போவது

சென்ற பங்குனியில் என் பேத்தி முதன்முதலாக ஒரு ராத்திரி, தாயும் தகப்பனும் பக்கத்தில் இல்லாமல், எங்களோடு தங்கினாள். மூன்று வயது நிறைந்து இரண்டு மாதம். ஒரு ராத்திரிக்கு ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். அந்த ராத்திரி நான் அவளிடம் ஒரு பொய் சொன்னேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மாப்பிள்ளையின் தாயாருக்கு மதுரையில் கண் ஆபரேஷன். மகளும் மாப்பிள்ளையும் சென்னையிலிருந்து வந்து, குழந்தையைக் காரைக்குடியில் எங்களிடம் விட்டுவிட்டு மதுரை போய், மறுநாள் காலையில் திரும்புவதாக ஏற்பாடு. காரில் இரண்டு மணி நேரப் பிரயாணம். பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தையிடம் எப்படி விடைபெறுவது என்பது பெரிய காரியமாகிவிட்டது.

"மத்தியானம் சாப்பிட்டதும் தூங்கிருவா, அப்பச்சி. அந்த நேரம் பாத்துப் புறப்பட்டுர்றோம். எந்திரிச்சா நீங்க பாத்துக்கிருங்க" என்றாள் மகள். நானும் சரி என்றேன். ஊரில் எல்லாரும் செய்வதுதானே? காக்காயைக் காட்டி, கோழியைக் காட்டி, பிள்ளை அந்தப் பக்கம் திரும்பும்போது இந்தப் பக்கம் நழுவுவது.

என் மனைவிதான் ஒப்பவில்லை. "நீ என்ன களவாணியா, தூங்குறப்போ போறதுக்கு? பெத்த பிள்ளைக்கிட்டச் சொல்லிக்கிட்டுப் போ. அழுதா அழட்டும்" என்று மகளைப் பிடித்துக்கொண்டாள்.

சொல்லிக்கொண்டு போவது! விடைபெறுவதற்கு நம் வீடுகளில் புழங்கும் வார்த்தையே அதுதான். 'போகிறேன்' என்று வாசலில் நின்று சொன்னால் பெரியவர்கள் பதறிப்போவார்கள். 'போயிட்டு வர்றேன்' என்று சொல்ல வேண்டும். காப்பி சாப்பிட வந்த சம்பந்தி சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனால் அதைப் பத்து வருஷம் ஞாபகம் வைத்திருப்போம். இந்த மரியாதை மூன்று வயதுப் பிள்ளைக்கு மட்டும் கிடையாது. கேட்டால், 'குழந்தைக்கு என்ன தெரியும்?' என்போம்.

எனக்குத் தெரிந்திருந்தது. 1957-ல் எனக்கு வயது நாலு. அப்பச்சி பினாங்குக்குப் புறப்பட்டார்கள். நாகப்பட்டினம் போய், ரஜூலா கப்பல் ஏறி, மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்ப வேண்டும். நகரத்தார் வீடுகளில் இது பழகிப்போன சங்கதி. பெரியவர்களிடம் விழுந்து கும்பிட்டு, திருநீறு வாங்கி, நல்ல நேரம் பார்த்து, சகுனம் பார்த்து, தெருவே கூடி நின்று வழியனுப்பும். அந்தக் கூட்டத்தில் நான் மட்டும் இல்லை. என்னை ஆயா கொப்புடையம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்விட்டாள். ஒரு தகர ரயில்கூட வாங்கிக் கொடுத்தாள். அதை ஓட்டிக்கொண்டே திரும்பி வந்தால், முகப்பில் நாற்காலி இருந்தது, அப்பச்சியைக் காணோம்.

நான் அழவில்லையாம். 'சமத்துப் பிள்ளை, மூச்சுவிடலையே' என்று ஆத்தா எத்தனையோ பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். மூன்று வருஷம் கழித்துப் பெட்டி நிறையச் சாமான்களோடு வந்தவரை நான் 'வாங்க' என்று கேட்டேன். அந்த 'வாங்க' அவர் காலம் முடியும்வரை மாறவில்லை. அப்பச்சியை நான் குறை சொல்லவில்லை. கடல் தாண்டிப் போய்க் கடன்காரனிடம் வட்டி கேட்கிற தைரியம் உள்ள மனிதர். நாலு வயதுப் பிள்ளையிடம் விடை கேட்கிற தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அழாத குழந்தை சமத்துக் குழந்தை என்பது நம் ஊர் நம்பிக்கை மட்டும் அல்ல. லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவர் 1952-ல் ஒரு படம் எடுத்துக் காட்டினார். சின்ன ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் விடப்பட்ட இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றைப் பற்றிய படம். அது அதிகம் அழவில்லை. அடக்கி அடக்கி வைத்துக்கொண்டது. நாள் ஆக ஆகத் தாயைப் பார்த்தால்கூட முகம் மலரவில்லை. அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் இப்படி ஓய்ந்துபோன பிள்ளையை 'பழகிவிட்டது' என்று சொல்வது வழக்கம். 'பழகவில்லை, நம்பிக்கை விட்டுப்போயிற்று' என்று ராபர்ட்ஸன் வாதாடினார். டாக்டர்கள் கோபித்துக்கொண்டார்கள். இருந்தாலும் 1959-ல் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பிளாட் குழு, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்க இடம் கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டது. எட்டு நாள் வேறு, ஒரு ராத்திரி வேறு. நான் இரண்டையும் ஒன்றாக்கவில்லை. அழுகை நின்றதும் நாம் விடுகிற நிம்மதிப் பெருமூச்சு யாருக்காக என்பதைத்தான் கேட்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த நான், தூங்கும்போது நழுவும் யோசனைக்கு ஏன் தலையாட்டினேன்? அழுகையைக் கேட்கப் பயம். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

மனைவி சொன்னபடியே நடந்தது. மூன்று வயதுக்கு 'நாளைக்கு' என்றால் ஒன்றும் விளங்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் நாளைக் காட்டாமல் காரியத்தைக் காட்டினாள். "சாயங்காலம் விளக்கு வைப்போம். சோறு சாப்பிடுவோம். ஆயாகிட்டப் படுத்துத் தூங்குவோம். எந்திரிச்சுக் கருப்பட்டிப் பணியாரம் சுடுவோம். அப்புறம் அம்மா வருவா." இதை நாலு தடவை, அதே வரிசையில். மகள் குழந்தையை முத்தமிட்டு, "போயிட்டு வர்றேன்" என்றாள். குழந்தை வீறிட்டது. காரின் பின்னாலேயே ஓடி வந்தது. மகளும் அழுதுகொண்டேதான் போனாள். அரை மணி நேரம் தெருவே எட்டிப் பார்த்தது. பிறகு விளக்கு வைத்தோம்.

நாங்கள் இருப்பது பெரிய வீட்டின் ஒரு பகுதியில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கூப்பிட்டால் குரல் எட்டாது. என் சின்ன வயதில் இந்த வளவில் ஐந்து புள்ளி, ஐந்து அடுப்பு. பிள்ளை கல்யாணமானதும் 'வேறு வைத்து' விடுவது எங்கள் வழக்கம். சமையல் தனி, கணக்குத் தனி. ஆனால் குழந்தைகளுக்கு மட்டும் கணக்கே கிடையாது. அப்பத்தா பக்கத்தில் வரிசையாகப் பாய் விரித்து எல்லாரும் கிடப்போம். யார் பிள்ளை யாரிடம் தூங்குகிறது என்று ஒருவரும் எண்ணியதில்லை. 'முதல் ராத்திரி' என்று ஒன்றைக் குறித்துவைக்க அங்கே வழி ஏது? இன்றைக்கு மற்ற நாலு புள்ளியும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் அறைகளில் பூட்டுத் தொங்குகிறது. பேத்தி அந்தப் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க யாருமே இல்லையா ஐயா?" என்று கேட்டாள்.

ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டாள். "அம்மாட்ட போகணும்." மனைவி எழுந்து உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டு, பழைய வரிசையையே சொன்னாள்: இன்னும் தூங்க வேண்டும், பணியாரம் சுட வேண்டும், அப்புறம்தான் அம்மா. குழந்தை கேட்கவில்லை. வெறும் வளவில் ஒரு குழந்தையின் அழுகை எப்படி எதிரொலிக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். போனில் மகளின் முகத்தைக் காட்டலாமா என்றேன். "முகந்தான் தெரியும், ஆள் கைக்குக் கெடைக்காது. சும்மா இருங்க" என்றாள். அரை மணி நேரம் சும்மா இருந்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அம்மா கார்ல வந்துக்கிட்டே இருக்கா, ஆத்தா. இப்ப வந்துருவா" என்றேன்.

விசையை அணைத்தது போல் அழுகை நின்றது. நான் மனைவியை ஒரு வெற்றிப் பார்வை பார்த்தேன். அவள் பதில் பேசவில்லை. குழந்தை மடியிலிருந்து இறங்கியது. வளவைத் தாண்டி முகப்புக்குப் போய், நிலைக்கதவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. தெருக்கோடியில் ஏதோ வண்டிச் சத்தம். "அம்மா!" என்று எழுந்தாள். சத்தம் தாண்டிப் போயிற்று. உட்கார்ந்தாள். இன்னொரு வண்டி, மறுபடி எழுந்தாள். மூன்றாவது வண்டியும் போன பிறகு அவள் எழவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஏறக்குறைய முக்கால் மணி நேரம், தூங்க வேண்டிய குழந்தையைக் கதவடியில் உட்காரவைத்துவிட்டேன். அழுதுகொண்டிருந்தவளுக்கு ஆயாவின் மடியாவது இருந்தது.

"ஐயா சொன்னது பொய். அம்மா மதுரையில தூங்குறா. காலையில பணியாரம் சாப்பிட்டப்புறம்தான் வருவா" என்றேன். இரண்டு கையாலும் என் நெஞ்சில் குத்தினாள். மறுபடி அழுதாள். ஆயாவிடம் ஓடிப் போய், பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. கம்பனை நினைத்துக்கொண்டு கிடந்தேன். சா. கணேசன் 1939-ல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. பங்குனி வந்தால், வாலியைக் கொன்றது சரியா என்று பட்டிமண்டபத்தில் வாதாடுவார்கள். நானும் இளவயதில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவன். காட்டுக்குப் புறப்பட்ட முதல் ராத்திரி இராமன் செய்த காரியத்தை யாரும் வழக்காகக் கொண்டுவந்து நான் கேட்டதில்லை. பின்னாலேயே வந்த அயோத்தி ஜனங்கள் தூங்கும்போது, சுமந்திரனை வெறும் தேரோடு திருப்பி அனுப்பிவிட்டு, அவன் நடந்து போய்விடுகிறான். விடிந்ததும் ஜனங்கள் சக்கரச் சுவடு ஊர்ப்பக்கம் திரும்பியிருப்பதைப் பார்க்கிறார்கள். இராமன் ஊருக்குத் திரும்பிவிட்டான் என்று சந்தோஷப்படுகிறார்கள். தகப்பன் வாக்குப் பொய்யாகக் கூடாது என்று காட்டுக்குப் போகிறவன், மண்ணில் ஒரு பொய்யை எழுதிவிட்டுப் போகிறான்! அன்பினால்தான், அவர்கள் காட்டில் கஷ்டப்படக் கூடாது என்றுதான். இருந்தாலும், அந்தச் சுவட்டைப் பார்த்துச் சிரித்த முகங்கள் ஊருக்குள் போய்த் தேடியபோது எப்படி இருந்திருக்கும்? நான் அன்றைக்குத்தான் முகப்பில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்தேன்.

காலையில் பணியாரம் சுட்டாயிற்று, தின்றாயிற்று. மகள் வரவில்லை. டாக்டர் வரத் தாமதம், மத்தியானம் ஆகும் என்று போன் வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஓர் அற்பத் திருப்தி. இப்போது அவள் வாக்கும் பொய்யாயிற்றே! எனக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? அவள் நம்பிச் சொன்னாள், நான் பொய் என்று தெரிந்தே சொன்னேன் என்பது வாஸ்தவம். ஆனால் எதிர்பார்த்து ஏமாந்த குழந்தைக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

மனைவி குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஆயா சொன்னது நடக்கலை, கண்ணு. அம்மாவுக்கு நேரமாயிருச்சு. மத்தியானச் சோத்துக்கு வருவா" என்றாள். குழந்தை சிணுங்கிற்று, கையிலிருந்த கரண்டியைத் தூக்கி எறிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "சோறு ஆயிருச்சா ஆயா?" என்று அடுப்படி வாசலில் போய் நின்றது.

என்னிடம் அவள் கேட்கவில்லை. அன்று முழுவதும் நான் எது சொன்னாலும் ஆயாவிடம் போய் உறுதி செய்துகொண்டாள். தூரத்தில் கூவியது ரயில் என்றேன். "நிசமா ஆயா?" என்றாள். ஆத்தங்குடித் தரைக்கல்லில் இருப்பது தாமரைப் பூ என்றேன். அதற்கும், "நிசமா ஆயா?" மகள் ஒரு மணிக்கு வந்து இறங்கியதும் ஓடிக் கட்டிக்கொண்டு, காலையில் பணியாரம் தின்றதைச் சொல்வதற்கு முன்னால், "ஐயா பொய் சொன்னாக" என்று சொல்லிக்கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளை சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஆடியில் மறுபடி வருகிறார்கள். இந்தத் தடவை இரண்டு ராத்திரி. என் மனைவி இப்போதே போனில், விளக்கிலிருந்து ஆரம்பித்து, இரண்டு ராத்திரிக்கும் வரிசை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ராத்திரி இரண்டு மணிக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கும் உத்தரவாகியிருக்கிறது.