கருவியும் சார்பும்

உயிரின் இயல்புகளுள் சிறந்தெடுத்துச் சைவ சித்தாந்தம் கூறுவது சார்ந்ததன் வண்ணமாதல் என்பதாம். படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுதல்போல, உயிரும் தான் சார்ந்ததன் தன்மையாய் நிற்கும். கைப்பேசியும் மடிக்கணினியும் வகுப்பறையுட் புகுந்துள்ள இக்காலத்து, மாணாக்கர் எதனைச் சார்ந்து நிற்கின்றனர் என்பது ஆராயற்பாலது.

கருவிகள் யாவும் தீயன என ஒதுக்குதல் சித்தாந்தத்திற்கு ஒவ்வாது. ஆணவ இருளிற் கிடந்த உயிர்க்கு இறைவன் மாயையினின்று தனு கரண புவன போகங்களைக் கூட்டுவது அறிவு சிறிதேனும் விளங்குதற்பொருட்டேயாம். மாயை, கதிரவன் எழுங்காறும் உதவும் விளக்குப் போல்வது. அங்ஙனமே, 2011-ஆம் ஆண்டிற் தமிழ்நாட்டரசு மாணாக்கர்க்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகள் வறியோர் மனைகளிலும் புகுந்தன. 2020-இல் பெருந்தொற்றாற் பள்ளிகள் மூடப்பட்ட ஞான்று, கருவி வாய்த்த பிள்ளைகட்கு ஆசிரியர் குரல் அதன்வழியே எட்டிற்று. வாயாதார் கல்வி தடைப்பட்டு வருந்தினர்.

ஆயினும், விளக்கு பிறபொருளைக் காண்டற்கேயன்றி அதனையே நோக்கியிருத்தற்கு அன்று. ஓயாது செய்தி கொணரும் கைப்பேசியோ மாணாக்கனைத் தன்னையே நோக்குவிக்கின்றது. ஒருமுறை சிதறிய கவனம் பாடத்தின்கண் மீள 20 நிமிடம் வரை செல்லக்கூடும் என்பது யுனெசுகோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கல்வி அறிக்கையிற் கூறப்பட்டுளது. பிரான்சு நாடு 2018-இலேயே தொடக்கப் பள்ளிகளிலும் அவற்றை அடுத்த நடுநிலைப் பள்ளிகளிலும் மாணாக்கர் கைப்பேசி பயன்படுத்துதலைச் சட்டத்தால் விலக்கிற்று.

இதனால் விளையுங் கேடு யாதெனின், கூறுதும். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என ஞானநெறி நான்கு படியாம். முதல் மூன்றும் உலகக் கல்விக்கும் ஒக்கும். கேட்டற்கும் தெளிதற்கும் இடைப்பட்ட தனிமையே சிந்தித்தற்கு இடம். வினா எழுமுன்னே விடையும், விடை செரிக்குமுன்னே வேறொரு செய்தியும் வந்து அவ்விடத்தை நிரப்புமாயின், மாணாக்கன் பலவற்றைக் கேட்டவனாவானன்றி ஒன்றையேனும் தெளிந்தவனாகான்.

அற்றேல், கருவியை விலக்கின் அமையாதோ எனின், அமையாது. என்னை? உயிர் யாதானும் ஒரு சார்பின்றி நில்லாது. ஒன்றை விடுப்பின் மற்றொன்றைப் பற்றும். ஆகலின், கைப்பேசியை வாங்கி வைத்தல் பாதியே. பற்றுதற்குரிய நற்சார்பாக ஆசிரியரும் பெற்றோரும் நிற்றல் மறுபாதியாம். உண்ணும்போதும் கைப்பேசியை விடாத தந்தை மகனை அது விடச் சொல்லுதல் பயனின்றாம். மாலையில் திருவிளக்கேற்றி வழிபட்டபின், ஒரு நாழிகையேனும் இல்லத்தார் அனைவரும் கருவிகளை அகற்றி வைத்துப் பிள்ளைகளோடு அமர்ந்து ஓதுவாராயின், அச்சார்பின் வண்ணம் அவர்கள்பால் தானே விளங்கும்.