கடனில் பாதி, வீட்டில்?

வீட்டுக்கடன் வாங்கும்போது ஒரு பெண் எத்தனை இடங்களில் கையெழுத்துப் போடுகிறாள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? விண்ணப்பத்தில், கடன் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தில், வங்கிக் கணக்கிலிருந்து தவணையைப் பிடித்துக்கொள்ளச் சம்மதம் தரும் தாளில். இத்தனை கையெழுத்துகளில் எது அவளை அந்த வீட்டுக்குச் சொந்தக்காரி ஆக்குகிறது? ஒன்றுகூட இல்லை. வீடு யாருடையது என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் கிரயப் பத்திரம்தான் சொல்லும். அதில் வாங்குபவர் என்ற இடத்தில் அவள் பெயர் இல்லையென்றால், வங்கியில் போட்ட கையெழுத்துகள் எல்லாம் அவளைக் கடனாளி மட்டுமே ஆக்குகின்றன.

வங்கிகளின் வழக்கம் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டின் உரிமையாளர்கள் இருவர் என்றால், பொதுவாக இருவருமே கடனில் சேர வேண்டும். ஆனால், கடனில் சேரும் இருவரும் உரிமையாளர்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணவனின் சம்பளத்துக்கு மட்டும் கேட்ட தொகை கிடைக்காதபோது மனைவியின் சம்பளச் சீட்டும் கோப்பில் சேர்கிறது. அவள் இணைக் கடனாளி ஆகிறாள். அந்த நாளிலிருந்து கடனின் பாதிக்கு மட்டுமல்ல, முழுக் கடனுக்கும் அவள் பொறுப்பு. கணவன் தவணையை நிறுத்தினால் மொத்தப் பாக்கியையும் வங்கி அவளிடம் கேட்கலாம். தவறிய தவணைகள் அவளுடைய கடன் வரலாற்றிலும் பதிவாகும். மணமுறிவு வந்தாலும் ஒப்பந்தம் முறியாது. வீட்டைவிட்டு வெளியேறலாம், கடனைவிட்டு வெளியேற முடியாது.

வருமான வரித்துறைக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. கடனிலும் பத்திரத்திலும் பெயர் உள்ள இருவரும் தனித்தனியே அதைக் கோரலாம். பத்திரத்தில் பெயர் இல்லாதவர், மாதாமாதம் தவணையே கட்டினாலும் கோர முடியாது. ‘இது உன் வீடல்ல’ என்று அவளிடம் அரசாங்கம் படிவத்திலேயே சொல்லிவிடுகிறது. குடும்பத்தில்தான் யாரும் சொல்வதில்லை.

கேட்டால் வரும் பதில் நமக்குப் பழக்கமானது. “புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன கணக்கு?” இதை வெறும் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அன்பால் இயங்கும் உறவில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதிவைப்பது உறவையே கடையாக்கிவிடும் என்ற அச்சம் உண்மையானது. பல பெண்களுக்கும் அந்த அச்சம் உண்டு.

ஆனால், கணக்குப் பார்க்காத குடும்பம் எங்கே இருக்கிறது? மூலப் பத்திரத்தைத் தன் பெட்டகத்தில் வைத்துக்கொண்டுதான் வங்கி பணம் தருகிறது. வங்கியைப் பார்த்து யாரும் ‘எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா?’ என்று கோபப்படுவதில்லை. விற்பவரிடம் வில்லங்கச் சான்று கேட்கிறோம், அவரும் வருத்தப்படுவதில்லை. அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, பதிவும் செய்துகொள்கிறார்கள். இத்தனை பேருக்கும் எழுத்து வேண்டும், மனைவிக்கு மட்டும் நம்பிக்கை போதும் என்றால், நம்பிக்கை என்ற சொல்லின் பாரம் முழுவதையும் ஒருத்தியே சுமக்கிறாள் என்று பொருள். கணக்கே இல்லாமல் இருப்பது அன்பாக இருக்கலாம். ஒருவருக்கு எழுத்தும் மற்றவருக்கு வாய்வார்த்தையும் என்றால் அது ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில் அவள் எவ்வளவு போடுகிறாள் என்பதைப் பார்ப்போம். 30 லட்சம் ரூபாய் வரையான கடன் என்றால் வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும்தான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. மீதியைக் கையிலிருந்து போட வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் எனத் தமிழ்நாட்டில் கிரயச் செலவு தனி. பல வீடுகளில் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? அவளுடைய வளையலிலிருந்து, ஆரத்திலிருந்து. சீதனமாக வந்த நகை அவளுக்கு மட்டுமே சொந்தம் என்கிறது சட்டம். அந்த நகை அடகுக் கடைக்குப் போய் பணமாகி, பணம் முன்பணமாகி, முன்பணம் வீடாகும்போது, வழியில் எங்கோ அவள் பெயர் உதிர்ந்துவிடுகிறது. அவளுடையது அவனுடையதாக மாறியதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

பிறகு தவணைகள். 30 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். முதல் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது ஐயாயிரத்துக்கும் குறைவு. மொத்தத்தில் 62 லட்சத்துக்கு மேல் கட்டி முடிப்போம். அதுவும் வட்டி மாறாமல் இருந்தால். 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. 6.75 சதவீதத்தில் 30 லட்சம் வாங்கியவருக்குத் தவணை சுமார் 22,811 ரூபாய். அதே உயர்வு அவர் கடனிலும் ஏறி 9.25 சதவீதமானால், மாத வட்டி மட்டுமே 23,125 ரூபாய். பழைய தவணை வட்டிக்கே போதாது. இதனால்தான், வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, ஆண்டுகளை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அந்தக் கேள்வி உங்கள் வீட்டில் யாருடைய கைப்பேசிக்கு வருகிறது? தவணை கூடும் மாதத்தில் எண்ணெயின் அளவைக் குறைப்பவள் யார்? தன் மருத்துவச் செலவைத் தள்ளிப்போடுபவள் யார்? முடிவு ஒரு கைப்பேசியில் எடுக்கப்படுகிறது, அதன் விலை அடுப்படியில் கொடுக்கப்படுகிறது.

சம்பளமே இல்லாத பெண்ணின் நிலை இன்னும் கடினம். அவள் இணைக் கடனாளிகூட இல்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை அவளுக்குத் தருகிறது. அது பெரிய பாதுகாப்பு. ஆனாலும் குடியிருக்கும் உரிமை வேறு, சொந்தம் வேறு. திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்தில் இருவருக்கும் பங்கு என்ற பொதுவான சட்டம் இந்தியாவில் இல்லை. போர்த்துகீசியச் சட்டத்தின் வழிவந்த கோவாவில் அப்படி ஒரு முறை இருக்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு வழங்கினார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்த காலத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கு அது. வீட்டை நடத்தி, பிள்ளைகளை வளர்த்து, அவர் சம்பாதிக்க வழிசெய்த மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்தைச் சேர்த்திருக்கிறது, எனவே அவருக்கும் சம பங்கு உண்டு என்றது தீர்ப்பு. மகிழ்ச்சிதான். ஆனால், அதைப் பெற ஒரு பெண் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது. பத்திரத்தில் பெயர் உள்ள ஆணுக்கு அந்த அலைச்சல் இல்லை.

சலுகைகள் இந்த நிலையை மாற்றாதா? ஓரளவு மாற்றும். சில வங்கிகள் பெண்களுக்கு 0.05 சதவீதம் வட்டி குறைக்கின்றன, வீட்டில் அவளுக்கு உரிமை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மேலே சொன்ன 30 லட்சம் கடனில் இது மாதம் சுமார் 95 ரூபாய். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. நகையும் சம்பளமும் பெற்றுத்தராத இடத்தை மாதம் 95 ரூபாய் பெற்றுத்தருகிறது என்றால் சிரிப்பதா, அழுவதா? எப்படி வந்தாலும் பெயர் பெயர்தான். வரட்டும்.

பெயர் வந்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. அவள் பெயரில் உள்ள வீட்டைக் கணவனின் தொழிலுக்கு அடமானம் வைக்கும் நாளில், “இங்க ஒரு கையெழுத்துப் போடு” என்று தாள் நீட்டப்படும். படிக்க நேரம் கேட்டால் முகம் சுளிக்கப்படும். மறுக்க முடியாத கையெழுத்து கையெழுத்தே அல்ல, ரேகை. ஆகவே உரிமை என்பது பத்திரத்தில் பெயர் இருப்பதோடு, ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிவதும் சேர்ந்ததுதான்.

வீட்டுக்கடன் பேச்சு எடுக்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. பத்திரத்தில் என் பெயர் இருக்குமா, எத்தனை பங்கு என்று எழுதப்படுமா? நகை விற்ற ரசீதும் முன்பணம் என் கணக்கிலிருந்து போனதற்கான சான்றும் என்னிடம் இருக்குமா? வங்கியின் குறுஞ்செய்தி எனக்கும் வருமா? மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் கேட்கக் கூடாது என்பது இருவருக்கும் தெரியுமா? ஏற்கனவே அவன் பெயரில் வாங்கியாயிற்று என்றாலும் வழி இருக்கிறது. கணவன் தன் பங்கில் பாதியை மனைவிக்கு செட்டில்மென்ட் பத்திரமாக எழுதித் தரலாம். அதற்குக் கிரயத்துக்கு ஆகும் அளவு செலவு இல்லை. கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும்.

இவற்றைக் கேட்பவளைச் சந்தேகப்படுகிறாள் என்பார்கள். அவளைப் பங்காளியாக நினைக்கும் ஒருவருக்கு, பங்கை எழுதித் தருவதில் என்ன இழப்பு? இழப்பு இருக்கிறது என்று அவர் நினைத்தால், அதை இருபது ஆண்டுத் தவணை தொடங்கும் முன்பே தெரிந்துகொள்வது அவளுக்கு நல்லது.