ஷோகேஸில் இருக்கும் கோப்பை

நம் வீடுகளில் பீங்கான் டீ செட் கல்யாணப் பரிசாக வந்து ஷோகேஸில் அமர்ந்துவிடும். விருந்தாளி வந்தால் அதை இறக்கி, கழுவித் துடைத்து, மறுபடி அடுக்கி வைக்கிறவள் தன் தேநீரை எவர்சில்வர் டம்ளரில், ஆறிய பிறகு, அடுக்களையில் நின்றபடி குடிக்கிறாள். அழகு யாருக்கு என்ற கேள்வியைத் தத்துவ நூல்களில் போய்த் தேட வேண்டியதில்லை.

போன் சைனா என்ற உயர்ந்த பீங்கானில் ஏறத்தாழப் பாதி, மாட்டெலும்பைச் சுட்ட சாம்பல். 1790களில் இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் ஜோசையா ஸ்போட் அந்தக் கலவையைச் செம்மைப்படுத்தினார். அவர் பெயர் நிலைத்தது. கோப்பைகளில் பூவும் கொடியும் தீட்டியவர்களில் ஏராளமானோர் பெண்கள். அவர்கள் பெயர் எங்கே? தூரிகை பிடித்த கை நடுங்காதிருக்க ஆண் ஓவியர்களுக்குக் கையைச் சாய்த்துக்கொள்ள ஒரு தாங்குகட்டை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பட்டறைகளில் அது பெண்களுக்கு மறுக்கப்பட்டது. மறுக்கச் செய்தவர்கள் முதலாளிகள்கூட இல்லை, உடன் வேலைபார்த்த ஆண்கள். நுட்பமான, கூலி கூடிய வேலை கைமாறிவிடுமே என்ற பயம். (ஒரு மரக்கட்டைக்குள் எவ்வளவு அரசியல்!)

இதை அறிந்தபின் அந்தப் பூவின் அழகு குறைந்துவிடுகிறதா? எனக்குக் குறையவில்லை. தாங்கலில்லாத ஒரு கை இழுத்த கோடு என்று இன்னும் உற்றுப் பார்க்கிறேன். அந்தக் கோட்டைக் கண்ணாடிக்குள் பூட்டி வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. எடுத்தால் உடைந்துவிடும் என்பார்கள். உடையட்டுமே. கோப்பையின் காதைப் பிடித்தால் விரல் சுடாது, டம்ளரைப் போல முந்தானையால் பிடிக்க வேண்டியதில்லை. சாசரையும் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்று குடிப்பது சிரமம். எங்காவது உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.