பாயை எடுத்துக்கொண்டு வா

லண்டன் ஹை பார்னெட்டில் ‘நியூ கிரவுண்ட்’ என்றொரு குடியிருப்பு. 25 வீடுகள், ஐம்பது தாண்டிய பெண்களுக்கு மட்டும். 1998இல் சில பெண்கள் பேசத் தொடங்கியது, 2016இல்தான் குடிபுக முடிந்தது. ஒவ்வொருத்திக்கும் சொந்தக் கதவு உண்டு. கூடிச் சாப்பிடப் பொது மண்டபமும் உண்டு.

எங்கள் கீரிக் கடற்கரை ஊருக்கு இது அவ்வளவு புதினமில்லை. கடலும் யுத்தமும் புருசனைக் கொண்டுபோக, பிள்ளைகள் வெளிநாடு போய்விட, “தனியக் கிடந்து என்னடி செய்யிறாய், பாயை எடுத்துக்கொண்டு வா” என்று ஒருத்தி கூப்பிட்டால் அங்கே ஒரு கூட்டுக் குடித்தனம் தொடங்கிவிடும். ஒருத்திக்குப் பிரஷர், மற்றவளுக்குச் சீனி. கிளினிக் கொப்பியைப் பார்த்துக் குளிசையை எடுத்துக் கொடுப்பவள், கருவாட்டில் உப்புக் கூடினதென்று ஏசவும் செய்வாள். மகன்மாருக்குத்தான் ‘ஊர் என்ன சொல்லும்’ என்ற கவலை. ஊர் அந்தக் கிழவிகளிடம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் இருக்கும்.

குறை வேறிடத்தில். லண்டன் பெண்கள் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டுப் பேசித் தீர்த்த உரித்துக் கணக்கை நாங்கள் வாய்திறந்து பேசுவதில்லை. வீட்டுக்காரி கண்மூடினால், எட்டாம் நாள் செபம் முடிய மற்றவள் பாயைச் சுருட்ட வேண்டும். மகளுக்கு உறுதி எழுதும்போது தனக்குச் சீவிய உரித்து வைப்பது எங்கள் வழக்கம்தானே? சினேகிதியின் பெயரையும் அதில் சேர்க்கலாமா என்று நொத்தாரிசிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.